பெரியவர்களுக்கான கார்ட்டூன் தொடர்: கதையை யாரிடம் கொண்டுபோவது?

வாசகர் கேள்வி – பதில்

அனிமேஷன் பகுதிக்கு வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர்களுக்கான தொடர்களைக் காசு கொடுத்து வாங்குகிற நிறுவனங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருப்பதால் பதில்களும் அந்தச் சந்தையைச் சுற்றியே வருகின்றன.

கேள்வி: பத்து எபிசோடுக்கான கதை தயார். முதல் எபிசோடின் திரைக்கதையும் முடிந்துவிட்டது. நெட்ஃப்ளிக்ஸுக்கு நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். உரிமம் பெற்ற இலக்கிய முகவர் வழியாகவோ, ஏற்கெனவே தங்களோடு தொடர்பில் உள்ள தயாரிப்பாளர், வழக்கறிஞர், மேலாளர் போன்றவர் வழியாகவோ வந்தால்தான் பார்ப்போம் என்று நெட்ஃப்ளிக்ஸ் வெளிப்படையாகவே சொல்கிறது. மற்ற பெரிய நிறுவனங்களின் நடைமுறையும் கிட்டத்தட்ட இதுதான்.

இதைத் திமிர் என்று நினைக்க வேண்டாம், வழக்குக்குப் பயந்து செய்கிற ஏற்பாடு இது. விக்டர் டெஸ்னி என்பவர் இயக்குநர் பில்லி வைல்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து ஒரு கதைச் சுருக்கத்தைச் செயலாளரிடம் சொன்னார். பிறகு அதே சம்பவத்தை வைத்து ஒரு படம் வந்தது. வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. வெறும் கருத்து யாருக்கும் சொத்தல்ல என்றாலும், பயன்படுத்தினால் பணம் தர வேண்டும் என்ற புரிதலோடு சொல்லப்பட்ட கதையைக் கேட்டுப் பயன்படுத்தினால் அது எழுதாத ஒப்பந்தம் ஆகலாம் என்று 1956இல் நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து முன்பின் தெரியாதவர் அனுப்பும் கதை என்றாலே நிறுவன வழக்கறிஞர்களுக்கு அலர்ஜி. சில இடங்களில் 'ரிலீஸ் ஃபார்ம்' கையெழுத்திட்டுத் தந்தால் படிப்பார்கள். இதே மாதிரிக் கதை எங்களிடம் முன்பே இருக்கலாம், அதற்காக வழக்குப் போட மாட்டேன் என்ற உறுதிமொழிதான் அந்தப் படிவம். முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அமேசான் ஸ்டுடியோஸ் 2010 முதல் யார் வேண்டுமானாலும் திரைக்கதை அனுப்பலாம் என்று இணையத்தில் வாசலைத் திறந்து வைத்திருந்தது. 2018இல் அதையும் மூடிவிட்டது. பழைய கட்டுரைகளில் அந்த முகவரி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: சானல்கள் பார்க்க மாட்டார்கள் என்றால் வேறு யாரிடம்தான் போவது? இடங்களைச் சொல்லுங்கள்.

வாங்குகிறவரையும் கொண்டுபோகிறவரையும் முதலில் பிரித்துப் பாருங்கள். புதியவர்கள் வாங்குகிறவரின் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். அனுபவப்பட்டவர்களோ கொண்டுபோகிறவரைத் தேடுவார்கள்.

வாங்குகிறவர்களைத் தெரிந்து வைத்திருப்பது கதையை யாருக்கு ஏற்ப வடிவமைப்பது என்பதற்கு உதவும். அடல்ட் ஸ்விம், 2001 செப்டம்பரில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் இரவு நேரப் பகுதியாகத் தொடங்கியது. 11 நிமிட எபிசோடு அவர்களுக்குப் பழக்கமான அளவு. கோணங்கித்தனமான நகைச்சுவைக்கும் படைப்பாளியின் தனிக் குரலுக்கும் அங்கே இடம் அதிகம். ஃபாக்ஸ் சானல் என்றால் ஞாயிறு இரவு, 22 நிமிடம், குடும்பமோ வேலையிடமோ மையமாக உள்ள நகைச்சுவை. பென்டோ பாக்ஸ் என்ற அனிமேஷன் ஸ்டுடியோவை ஃபாக்ஸ் 2019இல் வாங்கிவிட்டதால், தொடரின் உரிமையும் தன் கையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். டிஸ்னியின் கையில் உள்ள 20த் டெலிவிஷன் அனிமேஷன், ஹுலு என்ற ஓடிடி தளத்துக்கும் ஃபாக்ஸுக்கும் தொடர்கள் தயாரித்துக் கொடுக்கிறது. நெட்ஃப்ளிக்ஸும் பிரைம் வீடியோவும் நகைச்சுவையோடு அதிரடி, அறிவியல் புனைவு, நாடகம் எல்லாவற்றையும் வாங்குகின்றன. ஆனால் ஏற்கெனவே காமிக்ஸாகவோ வீடியோ கேமாகவோ பெயர் எடுத்த கதைக்கு அங்கே முன்வரிசை.

கொண்டுபோகிறவர்கள் தயாரிப்பு நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும்தான். டிட்மவுஸ், ஷேடோமெஷின் போன்றவை படம் வரைந்து தருவதோடு நிற்பதில்லை. பிடித்த கதையை எடுத்து வளர்த்துச் சானல்களுக்குக் கூட்டிப் போவதும் அவர்கள் வேலைதான். 2014இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'போஜாக் ஹார்ஸ்மேன்' அப்படிப் போனதுதான். எழுத்தாளர் ரஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க், ஓவியர் லிசா ஹனவால்ட்டின் படங்களோடு கதையைச் சொன்னது டோர்னான்டே என்ற தயாரிப்பு நிறுவனத்திடம். நெட்ஃப்ளிக்ஸிடம் போனது அந்த நிறுவனம். அனிமேஷன் செய்தது ஷேடோமெஷின்.

ஆகவே உங்கள் கதையின் மனநிலைக்குப் பொருந்துகிற நாலைந்து தொடர்களை எடுத்து, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். எந்த ஸ்டுடியோ, எந்தத் தயாரிப்பாளர், 'டெவலப்மென்ட்', அதாவது புதிய கதைகளைத் தேர்ந்து வளர்க்கும் பொறுப்பில் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத வேண்டிய ஆள் அந்த டெவலப்மென்ட் அதிகாரி. அதிலும் நிறுவனத் தலைவரை விட்டுவிட்டு, அவருக்குக் கீழே புதிய கதைகளைத் தேடிப் படிக்கிற இளநிலை அதிகாரிக்கு எழுதுங்கள். முதல் கடிதத்தில் கதையை இணைக்காதீர்கள். நீங்கள் யார், செய்த ஒரு வேலைக்கான இணைப்பு, தொடரைப் பற்றி இரண்டு வரி, 'அனுப்பலாமா?' என்ற கேள்வி. இவ்வளவு போதும்.

கேள்வி: முகவர் பிடிக்க முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. முகவரின் வருமானம், உங்களுக்கு வேலை வாங்கித் தந்தபின் வரும் பணத்தில் பத்து சதவீதம். மேலாளர் என்றால் பத்திலிருந்து பதினைந்து வரை. பதிவுக் கட்டணம், வாசிப்புக் கட்டணம், 'சானல் டேட்டாபேஸில் சேர்க்கக் கட்டணம்' எல்லாம் மோசடிக்காரர்களின் சொற்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வாய்ப்புத் தருகிறேன் என்பதற்கு எதிராகக் கலிஃபோர்னியாவில் தனிச் சட்டமே இருக்கிறது.

பெரிய முகவர் நிறுவனங்கள் தாமாகத் தேடி வரும் புதியவரை அநேகமாக எடுப்பதில்லை. எளிதாகக் கிடைப்பவர் பொழுதுபோக்குத் துறை வழக்கறிஞர். மணிக் கணக்கிலோ, ஒப்பந்தத் தொகையில் ஐந்து சதவீதத்துக்கோ வேலை செய்வார்கள். அவர் வழியாகப் போனாலும் 'தெரியாத ஆள் அனுப்பியது' என்ற தடை விலகும். இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை.

கேள்வி: குழந்தைகள் கார்ட்டூன் சந்தைகளில் இதையும் சொல்லிப் பார்க்கலாமா?

வேண்டாம். கிட்ஸ்க்ரீன் சம்மிட் போன்ற இடங்களில் வாங்க வருகிறவர்களின் வேலை வேறு. உங்களுக்கும் அவர்களுக்கும் நேரம்தான் வீணாகும்.

கேள்வி: அமெரிக்கா போகாமல், விழாக்கள் வழியாக முயற்சி செய்ய வாய்ப்பு உண்டா?

உண்டு. பின்புலம் இல்லாதவருக்கு நாங்கள் முதலில் சொல்லும் வழியும் இதுதான். பிரான்ஸின் அனெசி நகரில் ஜூன் மாதம் அனிமேஷன் விழா நடக்கிறது. விழா 1960இலும், அதோடு சேர்ந்த மிஃபா சந்தை 1985இலும் தொடங்கின. 'மிஃபா பிட்சஸ்' என்ற பகுதிக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், தொலைக்காட்சித் தொடருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தேர்வானால் தயாரிப்பாளர்களும் சானல்காரர்களும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் கதை சொல்லலாம். விழா ஜூனில் என்றாலும் விண்ணப்பம் குளிர்காலத்திலேயே மூடிவிடும். ஏப்ரலில் விழித்துக்கொள்கிறவர்கள் அடுத்த ஆண்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

ஒட்டாவா அனிமேஷன் விழா செப்டம்பரில். அதன் தொழில்துறை மாநாட்டில் பிட்ச் போட்டியும் நடந்து வந்திருக்கிறது. அதே மாதம் பிரான்ஸின் துலூஸ் நகரில் கார்ட்டூன் ஃபோரம் நடக்கும். 1990 முதல் நடந்துவரும் இந்த ஃபோரத்தில் பெரியவர்களுக்கான தொடர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் ஐரோப்பியத் தயாரிப்பாளர் ஒருவர் கைகோக்காமல் நுழைய முடியாது. அக்டோபரில் கான் நகரில் கூடும் மிப்காம், முடிந்த தொடர்களை விற்கவும் கூட்டுத் தயாரிப்புப் பேசவும் ஏற்ற இடம். வெறும் கதையோடு அங்கே போனால் கூட்டத்தில் தொலைந்துபோவீர்கள்.

தேர்வாகவில்லை என்றாலும் அனுமதிச் சீட்டு வாங்கிப் போகலாம். பங்கேற்பாளர் பட்டியல் கைக்கு வரும். மூன்று நான்கு வாரம் முன்பே கடிதம் எழுதி இருபது நிமிடச் சந்திப்புகளைக் குறித்துக்கொண்டு போகிறவருக்குத்தான் அந்தச் செலவு தகும்.

கேள்வி: நானே ஒரு எபிசோடு செய்து யூடியூபில் போட்டுவிட்டால்? அல்லது, போட்டதை யாரும் வாங்க மாட்டார்களா?

வாங்குகிறார்கள். அடல்ட் அனிமேஷனில் இது பழைய வழியும்கூட. 'சவுத் பார்க்' 1997இல் காமெடி சென்ட்ரலில் வருவதற்கு முன் ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் செய்த குறும்படமாக இருந்தது. 1995இல் ஒரு தொலைக்காட்சி அதிகாரி கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்புவதற்கு அதன் அடுத்த வடிவத்தைச் செய்து தரச் சொன்னார். வீடியோ டேப்பாகக் கைமாறி ஊரெல்லாம் பரவியது. 'ஹாஸ்பின் ஹோட்டல்' பைலட்டை, அதாவது மாதிரி எபிசோடை, விவியன் மெட்ரானோ 2019 அக்டோபரில் யூடியூபில் வெளியிட்டார். பணம் பேட்ரியான் என்ற நிதி திரட்டும் தளத்தின் ஆதரவாளர்களிடமிருந்து வந்தது. தொடராகப் பிரைம் வீடியோவில் வந்தது 2024 ஜனவரியில். இடையில் நான்கு ஆண்டுக்கு மேல்.

இதற்காக 22 நிமிடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றரை முதல் மூன்று நிமிடம் போதும், ஒரே காட்சி, இரண்டு பாத்திரங்கள், ஒரு சண்டை. முழு எபிசோடை ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் இந்தத் துறையில் ஏராளம். அடல்ட் ஸ்விம் 'ஸ்மால்ஸ்' என்ற பெயரில் சுயேச்சைக் கலைஞர்களின் குறும்படங்களை எடுத்து இணையத்தில் வெளியிடுகிறது. தொடர் விற்பதைவிட அங்கே நுழைவது எளிது.

வெளியிடுமுன் இரண்டைச் சரிபாருங்கள். பின்னணி இசை உங்களுடையதாகவோ உரிமம் வாங்கியதாகவோ இருக்க வேண்டும். குரல் கொடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நண்பர்தானே என்று விட்டுவிட்ட குரல், பிறகு ஒப்பந்தம் பேசும் நாளில் தொண்டையில் முள்ளாக நிற்கும்.

கேள்வி: பிட்ச் டெக்கில் என்னென்ன, எத்தனை பக்கம்?

தொடரை விளக்கி வாங்குகிறவருக்குக் காட்டும் படக் கோப்புதான் பிட்ச் டெக். 12 முதல் 15 பக்கம். பிடிஎஃப் ஆக, இணைப்பில் போகும் அளவுக்கு, அதாவது 10 எம்பிக்குள். கடவுச்சொல் போட்டுப் பூட்டாதீர்கள். மொபைலில் திறக்க முடியாத கோப்பைத் திரும்ப யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் பக்கத்தில் ஒரு படம், தலைப்பு, இரண்டு வரிக்கு மிகாத லாக்லைன், அதாவது கதையின் சாரம். அந்த இரண்டு வரியில் யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும். இடம், காலம், உலகத்தின் வரலாறு எல்லாம் பிறகு. அடுத்து வடிவம்: எத்தனை நிமிடம், எத்தனை எபிசோடு, தனித்தனிக் கதையா தொடர்கதையா. 11 நிமிடமா 22 நிமிடமா என்று முடிவெடுக்காமல் வருகிறவர் கதையின் எடையை அறியாதவர் என்று எதிரில் இருப்பவர் முதல் நிமிடத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார்.

பிறகு பாத்திரங்கள். நான்கு, அதிகபட்சம் ஆறு. ஒவ்வொருவருக்கும் படமும் ஐந்தாறு வரியும். முடி நிறமும் பிறந்த ஊரும் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். அவருக்கு என்ன ஆசை, எந்தக் குணம் அந்த ஆசையைக் கெடுக்கிறது, பக்கத்துப் பாத்திரத்தோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதுங்கள். நூறு எபிசோடு ஓடக்கூடிய எரிபொருள் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

ஆறு முதல் எட்டு எபிசோடுக் கருக்கள், தலா மூன்று நான்கு வரி. 'இவர்கள் ஒரு திருமணத்துக்குப் போகிறார்கள், குழப்பம் நேர்கிறது' என்பது கரு ஆகாது. என்ன குழப்பம், யாரால், கடைசியில் யார் என்ன இழந்தார் என்பதுவரை சொல்ல வேண்டும். பைலட் கதை ஒரு பக்கம், முடிவையும் சேர்த்து. 'முடிவைப் பிறகு சொல்கிறேன்' என்று மர்மம் வைக்கிற பழக்கம் புதியவர்களிடம் அதிகம். படிக்கிறவர் பார்வையாளர் அல்ல, பணம் போடப்போகிறவர். அவரிடம் மறைக்க ஒன்றுமில்லை.

திரைக்கதை தனிக் கோப்பு. 22 நிமிடத்துக்கு 30 முதல் 35 பக்கம். டெக் அழகாக இருந்தால் அடுத்த கேள்வியே 'ஸ்கிரிப்ட் இருக்கிறதா?' என்பதுதான். பெரியவர்களுக்கான அனிமேஷனில் படத்தைவிட எழுத்தைத்தான் முதலில் வாங்குகிறார்கள். ஓவியத்தில் கைதேர்ந்தவர்களுக்கு இது கசக்கும், ஆனால் நிலவரம் அதுதான்.

அடிக்கடி நடக்கும் தவறு, பெரியவர்களுக்கானது என்றால் கெட்டவார்த்தையும் ரத்தமும் என்று எடுத்துக்கொள்வது. ஒரு சோதனை செய்து பாருங்கள். வசைச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் குழந்தைக்குப் புரியாத, பெரியவருக்கு மட்டும் வலிக்கிற ஏதாவது கதையில் மிச்சம் இருக்கிறதா? கடன், விவாகரத்து, வேலை போகும் பயம், செத்துப்போன நண்பர், இப்படி ஏதேனும். மிச்சம் இல்லையென்றால் அது அசிங்கமாகப் பேசும் குழந்தைகள் கார்ட்டூன்.

இன்னொரு தவறு செலவு தெரியாத வடிவமைப்பு. சட்டையில் கட்டம், கழுத்தில் மூன்று மாலை, பறக்கும் கூந்தல் என்று ஒரு பாத்திரத்தில் போட்ட ஒவ்வொரு கோடும் ஆயிரக்கணக்கான முறை அசைய வேண்டும். எபிசோடுக்கு எபிசோடு புது ஊர், ஒவ்வொரு காட்சியிலும் கூட்டம் என்றால் பின்னணி ஓவியச் செலவு எகிறும். திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து இடங்களை டெக்கிலேயே வரைந்து காட்டினால், இவருக்குத் தயாரிப்பு தெரியும் என்ற நம்பிக்கை எதிரில் இருப்பவருக்கு வரும்.

கேள்வி: நேரில் சொல்லும்போது எவ்வளவு நேரம் பேசலாம்?

சந்திப்பு அரை மணி என்றால் உங்கள் பேச்சு 12 முதல் 15 நிமிடம். மீதி அவர்கள் கேள்விகளுக்கு. டெக்கைப் பார்த்து வாசிக்காதீர்கள், அவர்களுக்கும் வாசிக்கத் தெரியும். நகைச்சுவைத் தொடர் என்றால் முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு சிரிப்பாவது வர வேண்டும். அனிமேட்டிக் (கோட்டுப் படங்களைக் குரலோடு கோத்த மாதிரிக் காணொளி) இருந்தால் ஒரு நிமிடம் ஓட்டலாம். அதில் படம் கிறுக்கலாக இருந்தாலும் மன்னிப்பார்கள், குரல் பதிவு இரைச்சலாக இருந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

கேள்வி: கதையைத் திருடிவிட்டால்? பதிவு செய்தால் போதுமா?

கருத்துக்குக் காப்புரிமை எங்கும் கிடையாது. 'பேயோடு குடித்தனம் நடத்தும் வக்கீல்' என்ற எண்ணம் யாருடையதும் அல்ல. அதை வைத்து நீங்கள் எழுதிய திரைக்கதை, வரைந்த பாத்திரங்கள் உங்களுடையவை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் இணையவழிப் பதிவுக்கு ஒரே ஆசிரியரின் ஒரே படைப்பு என்றால் 45 டாலர், மற்றபடி 65 டாலர். அங்கே வழக்கு என்று வந்தால், முன்கூட்டியே பதிவு செய்தவருக்குச் சட்டம் நிர்ணயித்த இழப்பீடு கேட்கும் வசதி உண்டு. மேற்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் பதிவேடு ஐந்தாண்டு செல்லும். அது தேதிக்கான சாட்சி மட்டுமே, காப்புரிமைப் பதிவுக்கு மாற்று அல்ல.

முதல் சந்திப்பிலேயே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்காதீர்கள், போட மாட்டார்கள். சந்திப்பு முடிந்த அன்றே 'இன்று இந்தத் தலைப்பில் இந்தக் கதையைப் பேசினோம், நன்றி' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மரியாதைக்கு மரியாதை, ஆதாரத்துக்கு ஆதாரம்.

கேள்வி: பாத்திரங்களை நண்பர் வரைந்தார். சில படங்களை ஏஐ கருவியில் செய்தேன். பிரச்சினையா?

இரண்டுமே. வரைந்தவர் எழுத்தில் உரிமையை மாற்றித் தராதவரை, அந்த வடிவம் அவருடையது. வாங்குகிறவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது 'செயின் ஆஃப் டைட்டில்', அதாவது உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சி. ஒரு கண்ணி அறுந்திருந்தால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். நண்பருக்கு எவ்வளவு, பெயர் எப்படிப் போடுவது, தொடர் வந்தால் அவருக்கு வேலை உண்டா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் இப்போதே கையெழுத்திடுங்கள். பணம் வந்தபின் பேசினால் நட்பும் போகும்.

ஏஐ படங்களைப் பொறுத்தவரை, 2023 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஒரு காமிக்ஸ் நூலில் எழுத்துக்கும் அடுக்குமுறைக்கும் மட்டும் பாதுகாப்புத் தந்து, கருவி உருவாக்கிய படங்களுக்கு மறுத்துவிட்டது. உரிமை கொண்டாட முடியாத முகத்தை நாயகனாக வைத்து யாரும் தொடர் வாங்க மாட்டார்கள். கோடாக வரைந்த கிறுக்கலே மேல்.

கேள்வி: ஒரு தயாரிப்பாளர் 'ஷாப்பிங் அக்ரிமென்ட்' அனுப்பியிருக்கிறார். எதைப் பார்க்க வேண்டும்?

அதன்படி அவர் உங்கள் கதையைக் குறிப்பிட்ட காலம் சானல்களுக்குக் கொண்டுபோகலாம். உரிமை உங்களிடமே இருக்கும். காலம் ஆறு மாதம் முதல் ஓராண்டு. பணம் பெரும்பாலும் இல்லை. 'ஆப்ஷன்' என்றால் ஏதாவது தொகை கொடுத்து, 12 முதல் 18 மாதத்துக்குள் வாங்கும் உரிமையை முன்பதிவு செய்துகொள்கிறார். நீட்டிப்பு தானாக நடக்கக் கூடாது, ஒவ்வொரு நீட்டிப்புக்கும் பணம் இருக்க வேண்டும். யார் யாரிடம் காட்டினார் என்ற பட்டியலைத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை மறுத்த அதிகாரியிடம் அதே கதையை வேறொருவர் வழியாகத் திரும்பக் காட்ட முடியாது, எனவே அந்தப் பட்டியல் உங்களுக்குப் பொன்.

'படைத்தவர்' என்ற பெயர், பைலட் எழுதும் முதல் வாய்ப்பு, தொடர் நிறைவேறாவிட்டால் உரிமை திரும்பி வரும் காலம், இந்த மூன்றும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். எந்தச் சங்கத்தின் கீழ் வேலை என்றும் கேளுங்கள். ஃபாக்ஸின் முதன்மை நேர அனிமேஷன் தொடர்களின் எழுத்தாளர்கள் 1998 முதல் எழுத்தாளர் சங்கத்தின் கீழ் வந்தார்கள். மற்ற பல தொடர்கள் அனிமேஷன் கில்ட் என்ற தொழிற்சங்கத்தின் கீழ். கில்டில் மறுஒளிபரப்புப் பங்கு எழுத்தாளர் கைக்கு வராது, உறுப்பினர்களின் ஓய்வூதிய, மருத்துவ நிதிக்குப் போகும்.

கேள்வி: ஜப்பானில் முயற்சி செய்யலாமா?

அங்கே வெளியீட்டாளர், சானல், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் சேர்ந்து தயாரிப்புக் குழு அமைத்துப் பணம் போடுகிறார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே விற்ற மாங்காவையோ (ஜப்பானியக் காமிக்ஸ்) நாவலையோ எடுக்கிறார்கள். வெளியாள் ஒரு டெக்கோடு போய்க் கதவைத் தட்டுகிற வழக்கம் இல்லை. காமிக்ஸாக வெளியிடுவதுதான் அங்கே உள்ள நுழைவாயில்.

கேள்வி: அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. பதில் இல்லை. எவ்வளவு காலம் காத்திருப்பது?

மூன்றாம் வாரத்தில் ஒரு நினைவூட்டல், ஒன்றே ஒன்று. அதன்பின் ஏதாவது புதிய செய்தி இருந்தால் மட்டும் எழுதுங்கள்: குறும்படம் விழாவுக்குத் தேர்வானது, திரைக்கதையைத் திருத்தினேன் என்பது போல. 'பார்த்தீர்களா?' என்ற கடிதத்துக்குப் பதில் வராது.

ஆமாம் என்று சொன்னாலும் காலம் நீளும். அடல்ட் ஸ்விம்மில் 'ஸ்மைலிங் ஃப்ரெண்ட்ஸ்' பைலட் 2020 ஏப்ரல் 1 அன்று வந்தது, தொடர் 2022 ஜனவரியில். அதைச் செய்தவர்கள் இணையத்தில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள். ஒரு அரைமணி எபிசோடு எழுத்திலிருந்து திரைக்கு வர ஒன்பது மாதம் முதல் ஓராண்டு பிடிக்கும். ஆறே நாளில் எபிசோடு முடிக்கும் 'சவுத் பார்க்'கை உதாரணம் காட்டாதீர்கள், அது அவர்களுக்கென்றே அமைந்த வேலைமுறை. இடைப்பட்ட காலத்தில் அதே கதையைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட இரண்டாவது கதைக்கு ஒரு டெக் செய்துவையுங்கள். பிடித்துப்போய் மறுக்கிற அதிகாரி அடுத்துக் கேட்கும் கேள்வி, 'வேறு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?'